சாட்சியுள்ள கை

ரவிக்கையின் இடது பக்கத்துக்கு எதை வைப்பது என்பதுதான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ரெபேக்காவுக்கு முதல் கவலை. ஆரம்பத்தில் கைக்குட்டைகளை மடித்து வைத்துப் பார்த்தாள். பாட்டுக்குக் கை தூக்கினால் அவை கழுத்துப் பக்கம் ஏறி வந்தன. கடையில் வாங்கிய பஞ்சும் அப்படித்தான். எடை இல்லாத எதுவும் வைத்த இடத்தில் இருக்காது என்று கொஞ்ச நாளில் தெரிந்துபோயிற்று. கடைசியில் பழைய பருத்திப் பாவாடை ஒன்றை வெட்டி, வட்டமாகப் பை தைத்து, உள்ளே கடுகு நிரப்பினாள். கடுகு உருண்டு உருண்டு தானே ஒரு வடிவம் கொடுத்தது. குனிந்தால் சரிந்தது, நிமிர்ந்தால் திரும்பியது. உடம்புச் சூடு ஏறும்போது மட்டும் லேசாக ஒரு காரநெடி வரும். அடுப்பில் தாளித்துவிட்டு அவசரமாக ஓடி வந்திருக்கிறாள் என்று பக்கத்தில் உட்காரும் பெண்கள் நினைத்திருப்பார்கள். விசுவாசம் என்று வாயெடுத்தாலே வேதத்துக் கடுகு விதையை இழுத்துவிடும் பாஸ்டருக்கு இது தெரிந்தால் இரண்டு வாரத்துக்குப் பிரசங்கம் கிடைத்துவிடும் என்று ஒருமுறை நினைத்துச் சிரித்தாள். சிரித்தால் தையல் போட்ட இடம் இழுத்தது.

சபையில் யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் அவள் கணவர் டேவிட்சன் போட்ட நிபந்தனை.

போத்தனூர்ப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் அவளுக்கு வேலை. வார்த்து வந்த இரும்புக் கூடுகளை இறுக்க மூடி, உள்ளே தண்ணீரை அழுத்தி ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மார்ச் மாதம் மகளிர் தினத்தன்று கம்பெனி வாசலில் மார்பகப் பரிசோதனை வண்டி ஒன்று வந்து நின்றது. நாற்பது தாண்டிய பெண்களெல்லாம் ஏறி இறங்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"மெசின்ல வெச்சு அமுக்குறாங்களாமா. நம்ம பிரசர் டெஸ்ட்டேதான்" என்றாள் கூட வேலை செய்யும் புவனா.

"கசிஞ்சா ரிஜெக்டுங்களா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, வரிசையே சிரித்தது. ரெபேக்காவும் சிரித்தாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. வலியில்லை, கட்டியில்லை. கையில் தட்டுப்படும்படி ஒன்றுமே இல்லை. ஆனாலும் அத்தனை பேரில் ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குத்தான் போன் வந்தது. போனாள். ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் பிரத்யுஷா படத்தை விளக்கு வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். கறுப்புத் துணியில் தூள் உப்பைச் சிந்தியதுபோல வெள்ளைப் புள்ளிகள், இரண்டு மூலைகளில்.

"பால் வர்ற குழாய் இருக்குதில்லீங்களா, அதுக்கு உள்ளேயேதான் இருக்கு." டாக்டர் தன் பேனாவைத் திறந்து ரீஃபிலை எடுத்து நீட்டினார். "இதுக்குள்ள மை இருக்கற மாதிரி. இன்னும் கசியல. கசிஞ்சாத்தான் அக்குள் நெறிக்கட்டிக்குப் போகும், ரத்தத்துல கலந்து எலும்புக்குப் போகும்."

"அப்ப இது கேன்சருங்களா, இல்லீங்களா?"

 டாக்டர் ரீஃபிலைத் திரும்பப் பேனாவில் போட்டு மூடினார். "செல்லைப் பார்த்தா கேன்சர் செல்லுதாங்க. ஆனா வெளிய வரல. சிலருக்குக் கடைசி வரைக்கும் வராமயே இருந்துரும். சிலருக்கு வந்துரும். யாருக்கு வரும்னு முன்னாடியே சொல்றதுக்கு எங்ககிட்ட வழி இல்லீங்க. அதனால எடுத்துர்றதுதான் நல்லது. சின்ன இடமா இருந்தா அதை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் கரண்ட் வெச்சிருவோம். உங்களுக்கு ரெண்டு மூலையிலயும் இருக்கறதால மார்பை முழுசா எடுக்கணும். எடுத்துட்டா முடிஞ்சுது. முடி கொட்டற மருந்தெல்லாம் அனேகமா தேவைப்படாது. உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

இவ்வளவையும் டேவிட்சனும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். ஆனால் மனிதக் காது தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். அவருடையது இரண்டைப் பொறுக்கிக்கொண்டது: கசியவில்லை, உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று அவர் அழுதார். ரயில்வேயில் முப்பது வருடம் குப்பை கொட்டிய மனுஷன், பெற்ற தாய் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. போன் வந்த நாளிலிருந்து அவர் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஜெபம் செய்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். அந்த அழுகையின் முன்னால், 'ஏனுங்க, முழுசா எடுக்கோணும்னாங்களே, அதைக் கேட்டீங்களா?' என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அடுத்து வந்தது ஏப்ரல் மாதத்து முதல் ஞாயிறு. அவர்கள் சபையில் முதல் ஞாயிறு சாட்சி சொல்கிற நாள். வேலை கிடைத்தது, பஸ் விபத்தில் தப்பியது, பிள்ளை பாஸானது என்று ஒவ்வொருவராக எழுந்து மைக்கைப் பிடிப்பார்கள். டேவிட்சன் சபையின் மூப்பர். அவள் தடுக்க நினைப்பதற்குள் எழுந்து போய்விட்டார். "என் மனைவிக்குப் புற்றுநோய்னு சொன்னாங்க. கர்த்தர் குழாய்க்குள்ளயே அதை அடைச்சு வெச்சுட்டார். உயிருக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டர் வாயாலயே சொல்லிட்டாங்க" என்றார். கூரைத் தகரம் அதிரக் கைதட்டல். பெண்கள் அவளைத் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுபோனார்கள். பாஸ்டர் மைக்கை அவள் வாயருகே பிடித்தார்.

"சொல்லுங்க சிஸ்டர்."

"பரவலைன்னு சொல்லிட்டாங்க" என்றாள் ரெபேக்கா.

அவள் சொன்னது அந்த ஒரு வரிதான். அதில் பொய் இல்லை. பின்னால் எத்தனையோ முறை அந்த வரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் உண்மையாகத்தான் இருந்தது. கம்பெனியில் சில கூடுகள் அப்படி வரும். கண்ணுக்குக் குறையே தெரியாது, தண்ணீரை அழுத்தி ஏற்றினால்தான் கசியும். அதைவிடக் கூச்சமான ஒன்றையும் அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். அந்தக் கைதட்டல் அவளுக்குப் பிடித்திருந்தது. அது நீடித்த நேரம் முழுக்க, எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளும் நம்பினாள். கத்தி இல்லை, தையல் இல்லை, இரண்டு மார்போடு வீட்டுக்குப் போய்ச் சோறாக்கலாம். நிறுத்தாமல் தட்டுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

மூன்றாவது வரிசையில் கிளாடிஸ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுதாள். பொள்ளாச்சிக்குக் குடிபோன பின்னும் முதல் ஞாயிறு தவறாமல் போத்தனூர் வருகிறவள். முப்பத்தொன்பது வயது, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். தனக்காக அழுகிறாள், நல்ல பெண் என்று ரெபேக்கா அன்று நினைத்தாள்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோதுதான் சண்டை வந்தது.

"சாட்சி சொல்லிப்போட்டு இப்பப் போய் ஆஸ்பத்திரியில படுத்தா, சனம் என்ன நெனைக்கும்?" என்றார் டேவிட்சன்.

"என்ன நெனைக்குமுங்க?"

"நம்மளைப் பத்தி நெனைச்சாப் பரவால்ல ரெபேக்கா. கர்த்தரைப் பத்தி நெனைப்பாங்க."

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே கர்த்தருடைய மானத்துக்காகக் கவலைப்பட்டார்.  அவள் கொஞ்ச நேரம் பாத்திரம் விளக்கினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: "கர்த்தர் பார்த்துக்குவாருங்க அவரை. இது என் மாரு. கசியற வரைக்கும் காத்துக்கிட்டிருக்க என்னால ஆகாது."

கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்கள். ஆபரேஷன் செய்துகொள்வது. ஆனால் தாராபுரத்தில் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று சபையில் சொல்லிவிடுவது. மே மாதம் அப்படியே நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தாராபுரம் போய் அக்கா வீட்டில் படுத்தாள். டேவிட்சன் கூடவே இருந்து எல்லாம் செய்தார். விலாவிலிருந்து வந்த குழாயில் ரத்தநீர் சேரும் டப்பாவைத் தினமும் அவரே ஊற்றிக் கழுவினார், முகம் சுளிக்காமல். ஆனால் கட்டைப் பிரிக்கும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார்.

எடுத்த சதையைச் சோதித்துவிட்டு, எங்கும் கசியவில்லை, இனி மருந்தொன்றும் வேண்டாம் என்று சொன்னார்கள். அக்கா முகத்தைத் தடவி, "நீ அதிஷ்டக்காரி அம்மணி" என்றாள். டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். அதிர்ஷ்டக்காரி எப்படி அழுவது? உயிர் போகவிருந்தால், முடியாவது கொட்டியிருந்தால் அழ ஒரு உரிமை கிடைத்திருக்கும். அவளிடமிருந்து வெட்டி எடுத்ததை இழப்பு என்று யாரும் எண்ணவில்லை. ஏதோ கண்டம் கழிந்த கணக்காகத்தான் எடுத்துக்கொண்டார்கள். குளிக்கும்போது மட்டும் அவள் சுவரைப் பார்த்து நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

ஒருநாள் தையலைக் காட்டப் போனபோது, ஆஸ்பத்திரிக் கூடத்தில் தலை மொட்டையாக இருந்த ஒரு பெண் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து கேட்டாள்: "எத்தனாவது ஸ்டேஜுங்க உங்குளுது?"

"அதெல்லாம் இல்லீங்க. ஆரம்பத்துக்கும் முன்னாடியாமா."

அந்தப் பெண்ணின் பார்வை ரெபேக்காவின் தட்டையான பக்கத்தில் நின்றது. "அப்பறம் எதுக்குங்க முழுசா எடுத்துப்போட்டாங்க? எனக்கு ரெண்டாவது. எனக்கே பாருங்க, கட்டிய மட்டும் நோண்டி எடுத்துட்டு மாரை உட்டுட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. இருந்தும் ரெபேக்காவுக்கு அந்தப் பெஞ்சில் உட்காரத் தனக்கு உரிமை இல்லாததுபோல இருந்தது. நோயாளிகள் வரிசையிலும் அவளுக்கு இடமில்லை, நோயில்லாதவர்கள் வரிசையிலும் இல்லை.

ஜூலையில் சபைக்குத் திரும்பினாள், முதலில் கைக்குட்டையோடு, பிறகு கடுகுப் பையோடு. யாரும் எதையும் கேட்கவில்லை. "அக்காவுக்கு எப்படி இருக்குங்க?" என்றுதான் கேட்டார்கள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வியாதியில் ஒருவருக்குச் சுகம் கிடைத்ததோ, அதே வியாதி வந்த இன்னொருவர் வீட்டுக்கு அவரை அழைத்துப்போய்க் கை வைத்து ஜெபிக்கச் சொல்வார்கள். சாட்சியுள்ள கை என்று அதற்குப் பெயர். கிட்னிக் கல் கரைந்தவரைக் கல் உள்ளவர்கள் கூப்பிடுவார்கள். சர்க்கரை சுகமானதாகச் சொன்ன ஒரு அம்மா கல்யாண வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டதை யாரோ பார்த்துவிட்ட பிறகு, அவரை மட்டும் கூப்பிடுவதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் பாஸ்டருடைய மனைவி போன் செய்தார். சபையில் எல்லோருக்கும் அவர் பாஸ்டரம்மா. "ரெபேக்கா, நம்ம கிளாடிஸுக்கு மாருல கட்டியாமா. ரெண்டு மாசமா சபைக்கு வரலைன்னு கேட்டா இப்பத்தான் சொல்றா. வேற யாரும் வேண்டாம், உங்க கைதான் வேணுமாமா."

ரெபேக்கா வேலை இருக்கிறது என்றாள், உடம்பு சரியில்லை என்றாள். போனை வைத்ததும் டேவிட்சன், "ஜெபந்தானே. போய்ட்டு வந்துரு" என்றார். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை.

பாஸ்டரம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் அவளுமாகக் கிணத்துக்கடவு வழியாக வேனில் போனார்கள். வழி முழுக்கப் பாட்டு. ரெபேக்கா வாயை மட்டும் அசைத்தாள். கிளாடிஸின் கணவன் ஞானமுத்து பொள்ளாச்சிக்கு வெளியே ஒரு கொப்பரைக் களத்தில் மேஸ்திரி. களத்தை ஒட்டியே வீடு. வெயிலில் பரப்பிய தேங்காய்ப் பருப்பின் எண்ணெய் வாசம் வாசலைத் தாண்டி உள்ளேயும் வந்தது. அவன் கையில் கிளறுகோலோடு, "வாங்க, வாங்க" என்றான். ஆள் பாதியாய் இளைத்திருந்தான்.

உள்ளே கட்டிலில் நைட்டியோடு உட்கார்ந்திருந்தாள் கிளாடிஸ். தலைமாட்டில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய் பாட்டில், அடியில் கொஞ்சம் மட்டும் மீதியாக.

"வருவீங்கன்னு தெரியுமுங்கக்கா" என்று சொல்லி ரெபேக்காவின் கையைப் பிடித்து நேரே நைட்டிக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

ரெபேக்கா தன் வாழ்நாளில் ஒரு கட்டியைத் தொட்டது அதுதான் முதல்முறை. கொட்டைப்பாக்குப்போல இருக்கும் என்று எண்ணியிருந்தாள். உள்ளங்கை முழுக்க நிறைந்தது. அழுத்தினால் நகரவில்லை. மேல்தோல் சாத்துக்குடித் தோலாகச் சொரசொரத்தது, காம்பு உள்ளே இழுத்துக் கிடந்தது. விரல்கள் தாமாகவே அக்குளுக்குப் போயின. அங்கேயும் இருந்தது. பின்னால் பாஸ்டரம்மா உரக்க ஜெபிக்கத் தொடங்கியிருந்தார். மற்ற இருவரும் ஆமென் ஆமென் என்று சேர்ந்தார்கள். கிளாடிஸ் கண்ணை மூடிக்கொண்டு, சின்னக் குழந்தை மருந்துக்கு வாயைத் திறப்பதுபோல, முகத்தைத் தூக்கிக் காத்திருந்தாள். ரெபேக்காவின் கைக்கு அடியில் கட்டி சூடாக இருந்தது.

"நான் தனியா ஜெபிக்கோணும்" என்றாள் ரெபேக்கா. 

பாஸ்டரம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "ஆவியானவர் ஏவறார். வாங்க, நாம வெளிய நின்னு பாடுவோம்" என்று மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். ரெபேக்கா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். தோளில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தாள். முந்தானையை இறக்கினாள். ரவிக்கைக் கொக்கிகளைக் கழற்றிப் பையை உருவி எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் கிளாடிஸின் மடியில் வைத்தாள்.

கிளாடிஸ் கண்ணைத் திறந்தாள். "இது என்னங்கக்கா?"

"கடுகு."

கிளாடிஸ் பையை அமுக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அக்குளிலிருந்து நெஞ்சு நடுவரை ஓடிய கோட்டைப் பார்த்தாள். டேவிட்சன் இதுவரை பார்க்காததை அவள் பார்த்தாள், மெதுவாக, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. வெளியே பாட்டு இரண்டாம் அடிக்குப் போயிற்று.

"எப்பங்க?"

"தாராபுரம் போறேன்னு சொன்னமில்ல. அப்ப."

"அப்ப உங்குளுக்குச் சொகமாகலீங்களா?"

"பரவலை, அது நெசம். பரவாம இருக்கறதுக்குத்தான் வெட்டியெடுத்தது. அதை நான் சொல்லலை."

 கிளாடிஸ் பேசியபோது குரலில் அழுகை இல்லை. "அந்த ஞாயித்துக்கு முந்தின வாரந்தானுங்கக்கா இங்க டாக்டரம்மாகிட்டக் காட்டினேன். பட்டாணி அளவுதான் இருந்துச்சு. கோயமுத்தூர் போய் ஊசி போட்டுப் பாரு, சின்னதா இருக்கறப்பவே எடுத்துட்டா மாரு தப்பிச்சாலும் தப்பிக்கும்னாங்க. திங்கக்கெழமை போறதுக்குப் பையில துணியெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். பிள்ளைகளைப் பக்கத்து ஊட்டுல சொல்லிக்கூட வெச்சுட்டேன். நீங்க மைக்கைப் புடிச்சீங்க."

"கிளாடிஸ்—"

"பஸ்ஸுல வாரப்ப அவருகிட்டச் சொன்னேன். ரெபேக்கா அக்காவுக்குச் செஞ்சவர் எனக்குச் செய்யமாட்டாரான்னு. அவரு போலாம் போலாம்னுதான் சொன்னாரு. நாந்தேன் சண்டை போட்டேன்." பையைக் கையில் தூக்கி எடை பார்ப்பதுபோல ஆட்டினாள். "உங்குளுக்குக் கட்டியே இல்ல. கட்டி இல்லாத நீங்க போய் வெட்டிக்கிட்டு வந்துட்டீங்க. கட்டிய வெச்சுக்கிட்டு நான் எண்ணெய் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன்."

 ரெபேக்காவுக்குச் சொல்வதற்கு இருந்ததெல்லாம், மன்னித்துவிடு என்பதுகூட, தனக்காகச் சொல்லிக்கொள்வதாகவே இருந்தது.

"போட்டுக்கோங்க" என்று கிளாடிஸ் பையைத் திருப்பித் தந்தாள். "அவங்க உள்ள வந்துருவாங்க. நாளைக்கு என்னை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் போனார்கள். ஊசி, ஸ்கேன், காத்திருப்பு என்று அலைச்சல் கொஞ்சம் அல்ல. முடிவு சொல்லும் நாளில் டாக்டர் பிரத்யுஷா பேனாவைத் திறக்கவில்லை. ரீஃபிலைக் காட்டும் கட்டத்தை இது தாண்டியிருந்தது. அக்குள் நெறிக்கட்டியில் இருக்கிறது, முதுகெலும்பில் இருக்கிறது, ஈரலிலும் ஒரு நிழல். மருந்து ஏற்றலாம், கொஞ்ச காலத்துக்குக் கட்டுப்படுத்தலாம், வலியைக் குறைக்கலாம். முழுசாகக் குணமாக்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

"ஆபரேஷனுங்க?" என்று கேட்டான் ஞானமுத்து.

"இப்ப மார்பை எடுக்கறதுல பிரயோஜனம் இல்லீங்க. நோய் வேற இடத்துக்கும் போயிருச்சு."

கிளாடிஸ் ரெபேக்காவைத் திரும்பிப் பார்த்தாள். உதட்டோரம் கோணலாக ஏதோ வந்தது. "அப்ப என் மாரு தப்பிச்சுதுங்கக்கா" என்றாள்.

வெளியே வந்து, ஞானமுத்து மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றபோது, ரெபேக்கா சொன்னாள்: "இந்த முதல் ஞாயிறு நான் சபையில சொல்லீர்றேன்."

"சொல்லுங்க. ஆனா உங்குளுதை மட்டும் சொல்லுங்க. என் பேரை எடுக்காதீங்க. எம்பிள்ளைக அங்க உக்காந்திருக்கும். உங்கம்மா தானே கெடுத்துக்கிட்டான்னு அதுங்க காதுல உழுகக்கூடாது."

ஞாயிறு காலை ரெபேக்கா கடுகுப் பையை வைக்கவில்லை. சேலை இடது பக்கம் தொய்ந்து விழுந்தது. டேவிட்சன் கதவருகே நின்று பார்த்தார். "கொஞ்சம் இழுத்து உட்டுக்கோ" என்றார். அவள் அப்படியே செருப்பை மாட்டினாள். வழியில் அவர், "நான் சந்தோஷத்துலதான் சொன்னேன் ரெபேக்கா, உனக்குத் தெரியுமில்ல" என்றார். தெரியும் என்றாள். நிஜமாகவே தெரியும்.

மைக் அவள் கைக்கு வந்தது. ஏப்ரலில் சொன்னது பாதிதான் என்றாள். நோய் குழாய்க்குள் இருந்தது, ஆனால் இருந்தது. எது வெளியே வரும், எது வராது என்று யாருக்கும் தெரியாததால் வெட்டி எடுத்தார்கள். தாராபுரத்தில் அக்காவுக்கு ஒன்றுமில்லை, படுத்திருந்தது நான்தான். கட்டி இருக்கிறவர்கள் என் சாட்சியை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். இவ்வளவும் சொன்னாள். சொல்லி முடித்ததும் சபையில் ஒரு சத்தமில்லை. மின்விசிறிகள் மட்டும் ஓடின. அந்த அமைதி அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்குத்தான் வந்திருந்தாள்.

பாஸ்டர் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். கோபக்காரர் இல்லை, நல்ல மனுஷன். "ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்கன்னு நான் என்னைக்காச்சும் சொல்லியிருக்கறனா? என் நெஞ்சுக்குள்ளயே ஸ்டென்ட் இருக்குதே" என்றார். சொன்னதே இல்லைதான். "டாக்டர் கையில இருந்த கத்தியைப் புடிச்சது யாருன்னு நெனைக்கறீங்க? கர்த்தர்! ஆரம்பத்துலயே காட்டிக் குடுத்தது யாரு? கர்த்தர்! நம்ம சிஸ்டருக்கு ரெண்டாவது தடவையா எப்பேர்ப்பட்ட சாட்சி! கையைத் தட்டி அவரை மகிமைப்படுத்துவோமா?"

தகரக் கூரை அதிர்ந்தது. பெண்கள் அழுதுகொண்டே தட்டினார்கள். டேவிட்சன் தலையைக் குனிந்திருந்தார். பிறகு அவரும் தட்டத் தொடங்கினார், கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் ஆறுதலோடு. போன தடவை நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்ட அதே சத்தம். இந்த முறை அது அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் மூடிக்கொண்டு போனது. மறுபடி சொல்ல அவளிடம் வேறு சொல் இருந்தது. அது கிளாடிஸின் பெயர். அதை எடுக்கக்கூடாது.

மூன்றாவது வரிசையில், தலையில் போட்ட முந்தானையோடு, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் கிளாடிஸ் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் கிடந்தன. அம்மாவைப் பார்க்காமல் சின்னவள் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்து, ஸ்டேஷனுக்குப் போக ஞானமுத்து ஆட்டோ கூட்டி வந்தான். ரெபேக்கா கூடவே நடந்தாள். பின்னாலிருந்து பாஸ்டரம்மா வேகமாக வந்து அவள் முழங்கையைத் தொட்டார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அந்த டாக்டர் எங்க இருக்காங்க? எனக்கும் ஒருக்கா பாத்துறலாம்னு" என்றார். ரெபேக்கா இடத்தைச் சொன்னாள். கிளாடிஸுக்கும் அது கேட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

ஆட்டோவில் ஏற அவளுக்கு இடுப்பு எழும்பவில்லை. ஞானமுத்து மறுபக்கம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். "கையைக் குடுங்க" என்றாள் கிளாடிஸ், யாரையும் பார்க்காமல். ரெபேக்கா நின்ற பக்கத்தில் இடது கைதான் நீட்ட முடிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் சரியாகத் தூக்க வராத கை. கிளாடிஸ் அதைப் பிடித்து முழு எடையையும் அதன்மேல் போட்டு ஏறினாள். தழும்பு அக்குள் வரை தீயாக இழுத்தது. கிளாடிஸ் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, பிடியை அவளாக விடும் வரைக்கும் ரெபேக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை.